முட்டை காட்டும் வெப்பநிலை: எரிமலை இல்லாத ஊரில் வெந்நீர் ஊற்று

செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு முட்டையோடு போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வாளியில் முட்டையைப் போட்டு, குழாயிலிருந்து சுடுநீரைப் பிடித்து, அரை மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்து உடைத்தால் உள்ளே ஒரு விசித்திரம்: மஞ்சள் கரு இறுகத் தொடங்கியிருக்கும், வெள்ளைக் கருவோ இன்னும் கொழகொழவென்று நடுங்கும். காப்பிக்கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டையில் நிலைமை நேர்மாறு. அங்கே வழிவது மஞ்சள் கருதான்.

காரணம் எளிது. அடுப்பில் கொதிக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸ். வெப்பம் ஓட்டிலிருந்து உள்ளே போகிறது. வெளியில் இருக்கும் வெள்ளைக் கரு முதலில் சூடாகி இறுகிவிடும். நடுவில் இருக்கும் மஞ்சள் கருவுக்கு வெப்பம் போய்ச் சேர்வதற்குள் நாம் முட்டையை எடுத்துவிடுகிறோம். வெந்நீர் ஊற்றில் முட்டை முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வர நேரம் கிடைக்கிறது. அப்போது வெளியா, உள்ளா என்பது முக்கியமில்லை. எந்தப் புரதம் எத்தனை டிகிரியில் இறுகும் என்பதே கணக்கு. மஞ்சள் கரு 65 டிகிரியில் கெட்டிப்படத் தொடங்கி 70 டிகிரி அளவில் இறுகிவிடும். வெள்ளைக் கருவிலுள்ள முக்கியமான புரதத்துக்கு ஏறத்தாழ 80 டிகிரி வேண்டும். ஆக, வெப்பமானி கையில் இல்லாமலேயே அந்த நீரின் வெப்பநிலை 65க்கு மேல், 80க்குக் கீழ் என்று முட்டையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். செம்பவாங் ஊற்றுநீர் தரைக்கு மேலே வரும்போது ஏறத்தாழ 70 டிகிரி.

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். சிங்கப்பூரில் எரிமலை இல்லை. தீபகற்ப மலேசியாவிலும் கிடையாது. கிட்டத்திலுள்ள எரிமலைகள் சுமத்ராவின் மேற்குப் பக்கத்து மலைத்தொடரில், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அப்படியிருக்க, தீபகற்ப மலேசியாவில் மட்டும் 60க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் பதிவாகியுள்ளன. சிங்கப்பூரில் இரண்டு. ஒன்று செம்பவாங்கில், மற்றொன்று பொதுமக்கள் போக முடியாத புலாவ் தெக்கோங்கில். இந்த நீரையெல்லாம் சூடாக்குவது எது?

மழைநீரின் நீண்ட பயணம்

ஊற்றில் வருவது பெரும்பாலும் மழைநீர்தான். ஆனால் நேற்றுப் பெய்த மழை இல்லை. மேட்டு நிலத்தில் விழுந்த நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, பாறையின் விரிசல்கள் வழியே இன்னும் கீழே, சில இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கும் மேலாகப் போகிறது. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை கூடுகிறது. தரைமட்டத்தில் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 2 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை 80, 85 டிகிரியில் இருக்கும். எரிமலை எதுவும் தேவையில்லை.

சூடானால் மட்டும் போதாது, நீர் மேலே வரவும் வேண்டும். 27 டிகிரியில் ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய 996 கிராம். 90 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 965 கிராம்தான். கீழே இறங்கும் குளிர்ந்த நீர் கனமாக இருப்பதால், சூடான நீரை மேல்நோக்கித் தள்ளுகிறது. குன்றின் உயரமும் கூடுதல் அழுத்தம் கொடுக்கும்.

இங்கே ஒரு சிக்கல். மேலே வரும் வழி குறுகலாகவும் கோணல்மாணலாகவும் இருந்தால் நீர் மெல்ல ஊர்ந்து வரும். வரும் வழியிலேயே குளிர்ந்த பாறைகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, வெறும் கிணற்று நீராகத் தரையை எட்டும். ஆகவே அகலமான, செங்குத்தான ஒரு பாதை தேவை. பாறை உடைந்து நகர்ந்த நிலப்பிளவுகள்தாம் அந்தப் பாதை. ஒரே வகைப் பாறை பல சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தாலும் ஏதோ ஒரு மூலையில் மட்டும் வெந்நீர் கொப்பளிப்பது இதனால்தான். கீழே எங்கும் சூடு இருக்கிறது. வாசல்தான் எங்கும் இல்லை.

ஒரு மலைக்கு ஒரு கெட்டில்

நம் வட்டாரத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. சிங்கப்பூரின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் நிலத்தடியில் இருப்பது புக்கிட் தீமா கருங்கல், அதாவது கிரானைட். மலேசியாவின் தித்திவாங்சா மலைத்தொடரும் பெரும்பாலும் கிரானைட்தான். இவை 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதற்கும் முன்பு, பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு இறுகி உருவானவை.

“அப்படியானால் அந்தப் பழைய குழம்பின் சூடுதான் இன்னும் மிச்சம் இருக்கிறது” என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 20 கோடி ஆண்டுகள் மிக நீண்ட காலம். அந்தச் சூடு எப்போதோ ஆறிப்போய்விட்டது.

கிரானைட்டில் வேறொரு சரக்கு இருக்கிறது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகிய கதிரியக்கத் தனிமங்கள் மற்றப் பல பாறைகளைவிட அதில் சற்று அதிகம். அவற்றின் அணுக்கள் சிதையும்போது வெப்பம் வெளியாகிறது. யுரேனியம்-238இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டு, தோரியம்-232க்கு 1,400 கோடி ஆண்டு. அதனால் 20 கோடி ஆண்டு கடந்தும் இந்தக் கையிருப்பு பெரிதாகக் குறையவில்லை.

எவ்வளவு வெப்பம்? இதைக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். சாதாரண கிரானைட் ஒரு கனமீட்டருக்கு 2.5 மைக்ரோவாட் அளவு வெப்பம் தருகிறது. ஒரு மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டராக உள்ள கிரானைட் மலை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதில் 100 கோடி கனமீட்டர் பாறை இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 2,500 வாட். வீட்டில் நீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டில் ஏறத்தாழ 2,000 வாட். ஒரு முழு மலையின் அணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கெட்டிலைத்தான் சூடாக்க முடியும்!

பூமியின் ஆழத்திலிருந்து வரும் வெப்பத்தையும் சேர்த்தால் கணக்கு சற்று மேம்படும். நிலப்பகுதிகளில் தரை வழியே வெளியேறும் வெப்பம் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட். ஒரு முழுக் காற்பந்துத் திடலுக்கு அது 460 வாட் அளவில் வரும். சின்ன ரைஸ் குக்கர் ஒன்றுக்குப் போதும்.

இப்போது ஊற்றின் பக்கம் வாருங்கள். ஓர் ஊற்று நொடிக்கு ஒரு லிட்டர் நீரை 70 டிகிரியில் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட அளவு.) அந்த நீர் 27 டிகிரியில் உள்ளே போனது என்றால், ஒவ்வொரு நொடியும் 43 டிகிரி ஏறியிருக்கிறது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். 4,200ஐ 43ஆல் பெருக்கினால் 1,80,600. அதாவது 180 கிலோவாட், 90 கெட்டில்கள் இடைவிடாமல் கொதிப்பதற்குச் சமம்.

ஒரு காற்பந்துத் திடலுக்கு 460 வாட்தான் என்றால் 180 கிலோவாட் எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய 390 திடல்கள் பரப்பிலிருந்து, கிட்டத்தட்ட 2.8 சதுர கிலோமீட்டரிலிருந்து திரட்டியிருக்க வேண்டும். இதைச் செய்வது நீர்தான். நூற்றுக்கணக்கான விரிசல்களில் ஊர்ந்து, பரந்த பாறையிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வாங்கி, ஒரே பிளவின் வழியாக மேலே கொண்டுவருகிறது. பல தெருக்களின் மழைநீர் ஒரே பெரிய கால்வாயில் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். வெந்நீர் ஊற்று அந்தக் கால்வாயின் முனை மாதிரி.

கதிரியக்கம் என்றதும் சிலருக்குப் பயம் வரலாம். சிதைவு நடப்பது ஆழத்துப் பாறைக்குள். நம்மை வந்தடைவது முக்கியமாக அதன் வெப்பம். பொட்டாசியம்-40 வாழைப்பழத்திலும் நம் உடலிலும்கூட இருக்கிறது.

துளையிட்டுப் பார்த்தபோது

இவ்வளவு நேரம் கணக்குப் போட்டோம். உண்மையில் கீழே எவ்வளவு சூடு? நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களின் பங்காளிகளும் அண்மை ஆண்டுகளில் சிங்கப்பூரின் வடபகுதியில் ஆழ்துளைகள் இட்டு அளந்தார்கள். அட்மிரல்டி லேன் துளையில் 1.12 கிலோமீட்டர் ஆழத்தில் 70 டிகிரி. செம்பவாங் பகுதியில் இட்ட மற்றொரு துளையில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி.

உங்கள் கால்குலேட்டரை எடுங்கள். தரையில் 28 டிகிரி என்றால், முதல் துளையில் கிலோமீட்டருக்கு 37.5 டிகிரி கூடியிருக்கிறது. இரண்டாவதில் 53 டிகிரி. உலகின் வழக்கமான அளவு 25 முதல் 30 டிகிரிதான் என்று பார்த்தோம். 30 டிகிரி என்றே வைத்தாலும் 1.76 கிலோமீட்டரில் 81 டிகிரிதான் இருந்திருக்க வேண்டும். 40 டிகிரி கூடுதல்!

அப்படியே கோட்டை நீட்டி, “5 கிலோமீட்டரில் 290 டிகிரிக்கு மேல்” என்று எழுதிவிடாதீர்கள். தேர்வில் நேர்கோட்டு வரைபடத்தை நீட்டிப் பழகியவர்கள் இங்கே விழுந்துவிடலாம். ஊற்றுக்கு அருகில் மேலே ஏறும் வெந்நீர் தன்னோடு சூட்டையும் கொண்டுவந்து மேற்பகுதிப் பாறைகளை வழக்கத்துக்கு மாறாகச் சூடாக்கியிருக்கக்கூடும். அப்படியானால் இன்னும் ஆழத்தில் வெப்பநிலை அதே வேகத்தில் ஏறாது. அளக்காமல் தெரிந்துகொள்ள முடியாது.

இதில் சிங்கப்பூருக்கு அக்கறை இருப்பதில் வியப்பில்லை. இங்குள்ள மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அந்த எரிவாயு இறக்குமதியாகிறது. அலாஸ்காவில் செனா என்ற இடத்தில் 2006ஆம் ஆண்டிலிருந்து வெறும் 74 டிகிரி ஊற்றுநீரைக் கொண்டே மின்சாரம் எடுக்கிறார்கள். நீரைவிடக் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஒரு திரவத்தை ஊற்றுநீரால் ஆவியாக்கி, அந்த ஆவியால் விசையாழியைச் சுழற்றுகிறார்கள். ஆனால் செனாவில் ஆவியைத் திரும்பக் குளிர்விக்கப் பனிநாட்டின் குளிர்நீர் இலவசமாகக் கிடைக்கிறது. நமக்கோ ஆற்றுநீரும் கடல்நீரும் 28, 30 டிகிரி. சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் இயந்திரத்தை ஓட்டுகிறது. எனவே நாம் அலாஸ்காவைவிட ஆழமாகத் தோண்டித்தான் ஆகவேண்டும்.

துளையிடாமல் ஆழத்தின் சூட்டை அறியவும் ஒரு தந்திரம் உண்டு. சூடான நீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைக்கிறது. எவ்வளவு சூடோ அவ்வளவு அதிகம் கரையும். நீர் மேலே வந்து குளிர்ந்தாலும் கரைந்த சிலிக்கா உடனே படிந்துவிடுவதில்லை, மெதுவாகத்தான் படியும். எனவே ஊற்றுநீரில் எவ்வளவு சிலிக்கா என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தால், அந்த நீர் கீழே எத்தனை டிகிரியில் இருந்தது என்று மதிப்பிடலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சிலிக்கா இருந்தால் கீழே ஏறத்தாழ 137 டிகிரி இருந்திருக்கும். வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்திருந்தால் இந்தக் கணக்குத் தவறும். அதனால் புவியியலாளர்கள் ஒரே முறையை நம்பி முடிவுக்கு வருவதில்லை.

உங்கள் வீட்டுக்கு அருகில்

வெந்நீர் ஊற்றைத் தேட முதல் கருவி வரைபடம். அதிலும் இடப்பெயர்கள். மலாயில் “ஆயர் பானாஸ்”, “ஆயர் ஹங்காட்” என்றால் சுடுநீர், வெதுவெதுப்பான நீர். கோலாலம்பூரின் செத்தாபாக்கில் ஒரு ஆயர் பானாஸ் இருக்கிறது. மலாக்காவின் ஜாசின் மாவட்டத்தில் இன்னொன்று. லங்காவியில் ஆயர் ஹங்காட் கிராமம். செம்பவாங் ஊற்றைச் சுற்றி இருந்த பழைய கிராமத்தின் பெயரும் கம்போங் ஆயர் பானாஸ்தான். அறிவியலாளர்கள் வருவதற்கு முன்பே ஊர்மக்கள் அளந்து பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது, கிரானைட் மலையின் அடிவாரத்தைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாரு வழியாக வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போகும் குடும்பங்கள் பல. அந்தப் பயணத்தில் தெற்கிலிருந்து வடக்காக எண்ணிக்கொண்டே போகலாம்: மலாக்காவில் அலோர் காஜாவுக்கு அருகே காடேக், நெகிரி செம்பிலானில் பெடாஸ், சிலாங்கூரில் செலாயாங், பத்தாங் காலிக்கு அருகே உலு தாமு, அப்புறம் கெர்லிங், பேராக்கில் உலு சிலிம், சுங்காய்க்கு அருகே சுங்கை கிளா, கடைசியாக ஈப்போ பக்கம் தம்பூன். நெடுஞ்சாலைக்கு இணையாக ஊற்றுகள் வரிசை கட்டி நிற்கின்றன. நெடுஞ்சாலைக்காக வந்தவை இல்லை. சாலை மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தை ஒட்டிப் போகிறது, ஊற்றுகளும் அந்த மலைத்தொடரின் கிரானைட்டையும் பிளவுகளையும் ஒட்டியே இருக்கின்றன.

இவற்றில் உலு சிலிம் தீபகற்பத்தின் மிகச் சூடான ஊற்றுகளுள் ஒன்று. அங்கே நீர் கொதிநிலையை நெருங்குகிறது. குடும்பத்தோடு போக வசதியானது சுங்கை கிளா. குளிக்கும் குளங்களும் முட்டை அவிக்கத் தனி இடமும் உண்டு.

சாபா கதை வேறு. ரானாவுக்கு அருகிலுள்ள போரிங் ஊற்று கினபாலு மலையின் பக்கத்தில் இருக்கிறது. அந்த மலையின் கிரானைட் வயது ஏறத்தாழ 70, 80 லட்சம் ஆண்டுதான். நம் புக்கிட் தீமா கருங்கல்லோடு ஒப்பிட்டால் குழந்தை. தாவாவ் பகுதியில் உண்மையிலேயே எரிமலைப் பாறைகள் உள்ளன. அங்கே ஆப்பாஸ் கீரி என்னும் இடத்தில் மலேசியாவின் முதல் புவிவெப்ப மின்நிலையம் திட்டமிடப்பட்டு, பாதியில் நின்றுபோனது.

செம்பவாங்கின் வரலாற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1909இல் வணிகர் சியா எங் கியோங்கின் நிலத்தில் ஊற்று இருப்பது வெளியே தெரியவந்தது. 1920களில் பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் இந்த நீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் குளியல் தொட்டிகள் கட்டப்பட்டன. போரின்போது விழுந்த குண்டு நீரோட்டத்தைக் குலைத்தது. பின்னர் நிலம் விமானத் தளத்தின் பகுதியானது. இப்போதுள்ள பூங்காவைத் தேசியப் பூங்காக் கழகம் 2020 ஜனவரியில் திறந்தது. கேன்பரா எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

தாத்தா பாட்டியோடு போகிறீர்களா?

வெந்நீர் ஊற்று என்றதும் முதலில் கிளம்புவது முழங்கால் வலியுள்ள பெரியவர்கள்தாம். வெதுவெதுப்பான நீர் தசைகளைத் தளர்த்தி வலியைச் சற்றுக் குறைப்பது உண்மை. சர்க்கரை வியாதியைக் குணமாக்கும், தோல்நோயை அடியோடு போக்கும் என்பதெல்லாம் வாய்வழிப் பேச்சு. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குத்தான் இந்த நீர் மிகவும் ஆபத்தானதும்கூட. அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அவர்களுக்குச் சூடு தெரியாது. நீங்கள் “ஆ!” என்று காலை இழுத்துக்கொள்ளும் நீரில் பாட்டி நிம்மதியாகக் காலை வைத்திருப்பார். “எனக்குப் பழகிவிட்டது” என்றுகூடச் சொல்வார். 70 டிகிரி நீரில் தோல் வெந்துபோக ஒரு நொடி போதும். 60 டிகிரியில் ஐந்து நொடி. 50 டிகிரி சும்மா சூடாகத் தெரிந்தாலும் சில நிமிடங்களில் புண்ணாக்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களின் பாதப்புண் எளிதில் ஆறாது, சிலருக்கு விரலை எடுக்கும் அளவுக்கும் போய்விடும்.

அதனால் வீட்டிலேயே சின்னவரான நீங்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் முதலில் குளிர்ந்த நீர், பிறகு சுடுநீர். வெப்பமானியை விட்டுப் பாருங்கள், 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். வெப்பமானி இல்லையென்றால் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், பாட்டியின் பாதத்தைக் கேட்காதீர்கள். பாத உணர்ச்சி குறைந்திருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் கால் நனைப்பதே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து முட்டை உரிக்கலாம். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் உடல் முழுவதும் வெந்நீர்க் குளத்தில் இறங்கும் முன் மருத்துவரைக் கேட்கவேண்டும். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலைசுற்றும்.

இளையவர்களுக்கும் இரண்டு எச்சரிக்கை. வெதுவெதுப்பான இயற்கை நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைப் பறிக்கக்கூடியது. அரிதினும் அரிதான நோய், ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. தலையை மூழ்கவிடாமல் இருந்தால் போதும். ஆற்றோரத்திலுள்ள ஊற்றுகளில் மலைப்பக்கம் மழை இருட்டினால் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மலேசியாவில் “கெப்பாலா ஆயர்” என்று சொல்கிறார்களே, அந்தத் திடீர் வெள்ளம் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாதபோதும் வரும்.

ஊற்றுநீரைக் குடிக்க வேண்டாம். பாறையிலிருந்து என்னென்ன கரைந்திருக்கிறது என்று கண்ணால் தெரியாது. வெள்ளிக் கொலுசைக் கழற்றிவைத்துவிட்டுப் போங்கள். சில ஊற்றுகளில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. வெள்ளியோடு சேர்ந்து கறுப்பான வெள்ளி சல்பைடாகிவிடும். (கறுத்துப்போனால் அம்மாவிடம் திட்டு வாங்குவதற்கு முன், அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றி, கொலுசு தாளைத் தொடும்படி போட்டுப் பாருங்கள். ஏன் வெளுக்கிறது என்பதை வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.)

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரோடு செம்பவாங் பூங்காவுக்குப் போங்கள். இரண்டு மூடியுள்ள பாத்திரங்கள், ஒரு சமையல் வெப்பமானி, நான்கு முட்டைகள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முட்டைகளைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்திருங்கள்.

இரண்டு பாத்திரங்களிலும் குழாய் நீரை ஒரே அளவு பிடித்து, ஆளுக்கு இரண்டு முட்டை போடுங்கள். ஒன்றை மூடிவைத்துவிடுங்கள், நீரை மாற்றாதீர்கள். மற்றொன்றில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதி நீரை ஊற்றிவிட்டுப் புதிய சுடுநீரைச் சேருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே வாருங்கள். குழாயில் அளந்த வெப்பநிலையும் பாத்திரத்தில் முதல் அளவும் ஒன்றாக இருக்காது. பாத்திரமும் முட்டையும் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொண்டன என்பது அந்த வித்தியாசத்திலேயே தெரியும். 40 நிமிடம் கழித்து முட்டைகளை உடைத்து, ஒவ்வொன்றின் வெள்ளைக் கருவையும் மஞ்சள் கருவையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தாளில் நேரத்தைக் கிடையாகவும் வெப்பநிலையைச் செங்குத்தாகவும் வைத்து இரண்டு கோடுகளையும் வரையுங்கள். பிறகு 65 டிகிரியில் ஒரு கோடு கிழியுங்கள். எந்தப் பாத்திரம் அந்தக் கோட்டுக்கு மேலே எத்தனை நிமிடம் இருந்தது என்பதை முட்டைகளின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.